இல்லறத்தில் வைஃபை டாங்கிள்: ஓர் அகப்புற ஆய்வு

வீட்டு மேசைக் கணினிக்கு வைஃபை வசதி செய்துகொடுப்பது எப்படி என்பது இன்றுவரை செவிவழிக் கல்வியாகவே இருந்துவருகிறது. கடைக்காரர் வாய்மொழியாகவும், எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன் செய்முறையாகவும், வெளியூர் மாப்பிள்ளை தொலைபேசி வழியாகவும் வழங்கிவரும் இந்த அறிவு, ஏட்டில் ஏறாமலே அழிந்துவிடும் நிலையில் உள்ளது. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். இதற்குப் பட்டம் எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை. எதிர்பார்த்தாலும் வழிகாட்டிப் பேராசிரியர் கிடைப்பது கடினம். அவர் வீட்டிலேயே உள்ளறையில் சிக்னல் எடுப்பதில்லை.

ஆய்வின் எல்லை: ஒரு கூடம், ஒரு சமையலறை, இரண்டு படுக்கையறை கொண்ட, செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உடைய நடுத்தரக் குடும்பத்து வீடு. மடிக்கணினியும் கைப்பேசியும் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. அவை கவச குண்டலத்தோடு பிறந்தவை. கடையில் உதிரி உதிரியாக வாங்கிக் கோத்த மேசைக் கணினிதான் பெரும்பாலும் வைஃபை இல்லாமல் பிறக்கிறது. அதன் அவலமே இங்கு ஆய்வுப் பொருள்.

கருதுகோள் பின்வருமாறு. ஒரு வீட்டுக்குள் டாங்கிள் நுழைவதற்குக் காரணம் தொழில்நுட்ப வளர்ச்சி அன்று. கூடத்தின் குறுக்கே ஒயர் போகக் கூடாது என்று அந்த வீட்டில் யாரோ ஒருவர் விதித்த தடை. எனவே எந்த டாங்கிளை வாங்குவது என்ற வினாவுக்கு விடை அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணில் கிடைக்காது. கணினி எந்த மூலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது என்பதில்தான் கிடைக்கும்.

வரலாற்றுச் சான்று

1985இல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி சில அலைவரிசைப் பட்டைகளை, உரிமம் வாங்காமலே யாரும் தகவல் அனுப்பப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அவற்றுள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையும் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பு முதலிய கருவிகள் கத்திக்கொண்டிருந்த இடம் என்பதால் யாருக்கும் வேண்டாத புறம்போக்காகக் கிடந்தது அது. அந்தப் புறம்போக்கில் முதலில் குடிசை போட்டவர்களுள் என்சிஆர் நிறுவனத்தாரும் உண்டு. அவர்களுடைய தொழில் கல்லாப்பெட்டி. பெரிய கடைகளில் அடுக்குகளை இடம் மாற்றும்போதெல்லாம் கல்லாவுக்குப் போகும் ஒயரைப் பெயர்த்துப் பதிக்க வேண்டியிருந்தது. இந்தத் தொல்லையைத் தீர்க்க நெதர்லாந்தில் இருந்த அவர்களுடைய பொறியாளர்கள் ஒயரில்லா வலையமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். அங்கே வேலை பார்த்த விக் ஹேய்ஸ்தான், வைஃபைக்குத் தரம் வகுத்த ஐஇஇஇ அமைப்பின் 802.11 குழுவுக்குப் பத்தாண்டு தலைமை வகித்தார். 1997இல் முதல் தரம் வெளிவந்தது. வேகம் விநாடிக்கு 2 மெகாபிட்.

ஆக, வைஃபையின் பிறப்பே தரையில் ஒயர் கிடக்கக் கூடாது என்ற கவலையில்தான் நிகழ்ந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் அதைத் தனியாகக் கண்டுபிடித்துச் சொன்னது ஒத்த சிந்தனை என்க.

1999 ஜூலையில் நியூயார்க் மேடையில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக் கணினியைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். பிறகு ஒரு ஹூலா வளையத்தை எடுத்து அதைச் சுற்றி ஓட்டிக் காட்டினார். கண்கட்டு வித்தைக்காரர் அந்தரத்தில் மிதக்கும் பெண்ணைச் சுற்றி வளையம் ஓட்டுவது எதற்கோ அதற்கேதான். அன்று அறிவித்த ஏர்போர்ட் என்ற வைஃபை கார்டின் விலை 99 டாலர், வேகம் 11 மெகாபிட். இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த வழி பிறந்தது 2005 ஜனவரியில். 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை தாராளமாகத் திறந்தது 2018 அக்டோபரில்தான்.

நடிகை ஹெடி லமார்தான் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸாப்பில் ஒரு தொன்மம் உலவுகிறது. தொன்மங்களை முழுதாகத் தள்ளிவிடக் கூடாது. இதிலும் ஒரு விதை உண்டு. அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும் முறைக்கு அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் 1942இல் காப்புரிமை பெற்றது உண்மை. 1997ஆம் ஆண்டுத் தரம் அந்தத் தாவலை ஒரு விருப்பப் பாடமாக வைத்திருந்ததும் உண்மை. ஆனால் நம் வீட்டு வைஃபை வேறு பாடம் எடுத்துப் படித்துத் தேறியது. தாவும் பழக்கம் இன்று ப்ளூடூத்திடம் இருக்கிறது.

நிலமும் பொழுதும்

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது மரபு. நிலத்தை முதலில் காண்போம்.

ரூட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் ஃபைபர் இழுக்க வந்த தம்பி. ஏணியும் டிரில்லிங் மெஷினுமாக வருவார், தெருக் கம்பத்துக்கு எந்தச் சுவர் கிட்டே இருக்கிறதோ அந்தச் சுவரில் ஓட்டை போடுவார், "இங்கயே மாட்டிடறேன் சார், கேபிள் இவ்ளோதான் வருது" என்பார். ரூட்டர் வாசல் கதவுக்கு மேலோ டிவிக்குப் பின்னாலோ குடியேறிவிடும். கணினியின் இடத்தை முடிவு செய்யும் அதிகாரங்கள் மூன்று: வாஸ்து, பிளக் பாயின்ட், பிள்ளையின் படிப்பு. மூன்றும் கூடிப் பேசி, கணினியைக் கடைசி அறையின் கடைசி மூலையில், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் கொண்டு வைக்கும். ரூட்டரை வைத்தவரும் கணினியை வைத்தவரும் ஒருவரை ஒருவர் கண்டதே கிடையாது. இந்த இருவருக்கும் இடையில் சமாதானத் தூது போவதற்காகத்தான் டாங்கிள் வாங்கப்படுகிறது.

தூது போகும் வழியில் என்னென்ன இருக்கின்றன? கருப்பொருள்களைப் பட்டியலிட்டால் செங்கல் சுவர், கான்கிரீட் தூண், ஃபிரிட்ஜ், 20 லிட்டர் தண்ணீர் கேன், ஆளுயரக் கண்ணாடி, பீரோ. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 ஜிகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 6. செங்கல் சுவர் இரண்டையும் கொஞ்சம் தின்றுவிட்டு மிச்சத்தை விடும். இரண்டாவதை அதிகம் தின்னும். தண்ணீர் விழுங்கும். பீரோவின் தகடு ஒன்றையும் உள்ளே விடாமல் திருப்பியடிக்கும். கண்ணாடியும் அப்படியே, அதன் முதுகில் பூசிய உலோகப் பூச்சினால். ஜகதீச சந்திர போஸ் 1890களில் கல்கத்தாவில் மின்காந்த அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி மணி அடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். அங்கே வழியில் பட்டுப்புடவைகள் அடுக்கிய பீரோ இருந்ததாகக் குறிப்பு இல்லை.

பீரோ செய்யும் கெடுதல் தடுப்பதோடு முடிவதில்லை. திருப்பியடித்த அலை சுவரில் பட்டு, கண்ணாடியில் பட்டு, சற்றுத் தாமதமாக வந்து சேரும். ஒரே செய்தி நேர்வழியில் ஒருமுறையும் சுற்றுவழியில் பலமுறையும் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். இந்தக் குழப்பத்தைத் தீர்த்த கதை சுவையானது. ஜான் ஓ'சல்லிவன் என்ற ஆஸ்திரேலிய வானியலாளர், வெடித்துச் சிதறும் குட்டிக் கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய ரேடியோ அலைகளைத் தேடினார். கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தேடலில் பழகிய கணக்குமுறை, பிற்பாடு சிஎஸ்ஐஆர்ஓ என்ற ஆய்வு நிறுவனத்தில் அவரும் குழுவினரும் ஒயரில்லா வலையமைப்பின் எதிரொலிச் சிக்கலைத் தீர்க்கக் கைகொடுத்தது. 1996இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அண்டவெளியில் உருப்படாமல் போன கணக்கு நம் பீரோவிடம் உருப்பட்டது.

சிக்னலின் வலுவை டிபிஎம் என்ற அளவால் குறிப்பார்கள். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு ரூட்டர் பக்கத்திலிருந்து கணினி மூலைவரை நடந்தால் எண் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். கூடத்தில் -45 காட்டும், உள்ளறை வாசலில் -60 ஆகும், பீரோ நிழலுக்குள் போனதும் -75க்குப் போய் நிற்கும். பத்து பத்தாகக் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கக் கூடாது. இது மடக்கைக் கணக்கு: ஒவ்வொரு பத்துக்கும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். -45க்கும் -75க்கும் இடையே ஆயிரம் மடங்கு இருக்கிறது. கடைக்குப் போகும் முன் இந்த நடையை நடந்தவர் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்காவிட்டாலும் பாதகமில்லை. (-67க்கு மேலே இருந்தால் அநேகமாக எந்த டாங்கிளும் போதும். -75க்குக் கீழே போனால் நீளக்கை ஆன்டெனா வேண்டும், அல்லது பீரோவோடு பேச வேண்டும்.)

பொழுது: இரவு எட்டிலிருந்து பத்து. குடியிருப்பின் எல்லா வீடும் படம் பார்க்கும் வேளை. 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒரு மாடிக்கு நான்கு வீடு, நான்கு மாடி என்றால் பதினாறு ரூட்டரும் இந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு எதிர் ஃபிளாட்டில் மைக்ரோவேவில் பாப்கார்ன் பொரிக்கிறார்கள். அந்த அடுப்பு வேலை செய்வதும் 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான். 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இடம் தாராளம், சுவர்தான் எதிரி.

உரிப்பொருளில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டிருக்க, வரும் வரும் என்று ஆற்றியிருத்தல் முல்லை. வைஃபை அறுந்துபோதல் பாலை. இணைப்பு உண்டு, ஆனால் இணையம் இல்லை என்று கணினி சொல்வது மருதம்: ஒரே வீட்டில் இருக்கிறார்கள், பேச்சுவார்த்தை கிடையாது. ரூட்டரின் குரல் டாங்கிளுக்குக் கேட்டும் டாங்கிளின் மெல்லிய குரல் ரூட்டருக்கு எட்டாமல் போகும் நிலை ஒன்றும் உண்டு. ரூட்டருக்கு வலுவும் அதிகம், ஆன்டெனாவும் பெரிது. நகத்தளவு டாங்கிளுக்கு இரண்டும் இல்லை. பட்டியலில் பெயர் தெரியும், கோடுகளும் தெரியும், இணையச் சொன்னால் இணையாது. இது கைக்கிளை.

வகைப்பாடு

பொருளை அகம், அகப்புறம், புறம், புறப்புறம் என நான்காகப் பகுக்கும் மரபு இங்கே ஆணி அடித்தாற்போலப் பொருந்துகிறது.

அகம் என்பது மதர்போர்டிலேயே உள்ள எம்.2 பொந்தில் படுக்கும் சிறு அட்டை. எஸ்எஸ்டி போடும் பொந்தும் இதுவும் பார்வைக்கு உடன்பிறப்புகள். உள்ளே காடி வெட்டிய இடம்தான் வேறு. இதற்கானது 'ஈ' வகைக் காடி. இங்கே ஒரு பெருந்திணை நிகழ வாய்ப்புண்டு. இன்டெலின் ஏஎக்ஸ்201 என்ற அட்டை, தன் மூளையின் ஒரு பகுதியை இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே விட்டுவைத்திருக்கும் இனம். அதை ஏஎம்டி போர்டில் செருகினால் அளவெல்லாம் கச்சிதமாக உட்காரும், திருகும் மாட்டிக்கொள்ளும், காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவற்றுக்கு இந்தக் குலப்பெருமை இல்லை.

அகப்புறம் என்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. உடல் கேபினெட்டுக்குள், ஆன்டெனா வெளியே. விலை கூடுதல், ஆனால் சூடு தாங்கும், ஆன்டெனா பெரிது, பல மாதிரிகளில் ப்ளூடூத்தும் சேர்ந்தே வரும். கேபினெட்டைத் திறக்கும் துணிவு வேண்டும். அத்துணிவு இல்லாதவரே நாட்டில் அதிகம் என்பதால் புறம் செழித்தது.

புறம் என்பதே டாங்கிள். யுஎஸ்பி முனையில் குத்தினால் தீர்ந்தது. நகத்தளவில் ஒரு வகை, கொடிமரம் நட்டாற்போல ஆன்டெனாவோடு ஒரு வகை. நகத்தளவு டாங்கிள் அழகானது, தொலைவதற்கு வசதியானது. அதை வாங்கியவர் வழக்கமாகக் கேபினெட்டின் பின்பக்கத்தில் குத்துவார். கேபினெட் இரும்புப் பெட்டி, அதற்குப் பின்னால் சுவர், பக்கத்தில் பீரோ. மூன்றுக்கும் நடுவே, தரையை ஒட்டி, தூசிக்குள் நின்றுகொண்டு அந்த ஏழை கூடத்து ரூட்டரைக் கூப்பிட வேண்டும்.

எனவே புறப்புறம் தேவையாகிறது: ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை அதன் முனையில் மாட்டி, மேசைமேல் அல்லது ஜன்னல் விளிம்பில் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. நூறு சொச்சம் ரூபாய் வேலை. இதைவிடப் பலன் தரும் செலவு இத்துறையில் கிடையாது என்பது ஆய்வாளரின் துணிபு. இதற்கு இன்னொரு ஆதாரமும் உண்டு. யுஎஸ்பி 3.0 முனைகள், அதாவது உள்ளே நீல நாக்கு தெரியுமே அவை, வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஓர் இரைச்சலைக் கிளப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பக்கத்து நீல முனையில் ஹார்டு டிஸ்கைக் குத்திக் கல்யாண வீடியோவைக் காப்பி செய்யும்போது மட்டும் வைஃபை இழுப்பதற்குக் கண்ணேறு காரணமல்ல. டாங்கிளைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

எண்ணும் எழுத்தும்

களஆய்வு நிகழ்ந்த இடம் சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெரு. கீழ்வரும் உரையாடல் அங்கே நாள்தோறும் பல கடைகளில் சிற்சில பாடவேறுபாடுகளோடு நிகழ்வது.

"அண்ணே, கம்ப்யூட்டருக்கு வைஃபை டாங்கிள் வேணும்."

"நூத்தம்பதா, முந்நூறா, அறுநூறா, ஆயிரத்து முந்நூறா சார்?"

"எதுண்ணே நல்லா எடுக்கும்?"

"எல்லாமே எடுக்கும் சார். வீட்ல 5ஜி வருதா?"

"போன்ல வருதுண்ணே."

"போன் இல்ல சார், ரூட்டர்ல."

"ரெண்டு பேரு காட்டும். ஒண்ணுல கடைசில 5ஜின்னு இருக்கும்."

"அப்ப டூயல் பேண்டே எடுத்துக்கங்க. சிங்கிள் பேண்ட் போட்டீங்கன்னா அந்தப் பேரு கம்ப்யூட்டர்ல தெரியவே தெரியாது. நாளைக்கு வந்து என்கிட்டதான் சண்டைக்கு நிப்பீங்க."

கடைக்காரர் சொன்னது முழுக்க உண்மை. ரூட்டர் பெயரில் வால்போல் ஒட்டிய 5ஜி, 5 ஜிகாஹெர்ட்ஸைக் குறிப்பது. கைப்பேசியின் ஐந்தாம் தலைமுறைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒற்றைப் பட்டை டாங்கிளுக்கு 2.4 மட்டுமே தெரியும் என்பதால் போனில் தெரியும் வைஃபை கணினியில் தெரியாமல் போவதும் நடக்கும். ஆனாலும் உரையாடலை மறுபடி வாசிக்குங்கால் ஒன்று புலப்படும்: வாங்குபவரும் சொல்லவில்லை, விற்பவரும் கேட்கவில்லை, கணினி எங்கே இருக்கிறது என்று.

இனி அந்த எண்கள். பெட்டிமேல் ஏசி1200 என்று போட்டிருந்தால் 2.4 பட்டையில் 300, 5 பட்டையில் 867, கூட்டினால் 1167, அதை முழுமையாக்கி 1200. ஏசி600 என்றால் 150உம் 433உம் சேர்ந்து 583, ஆகவே 600. கூட்டல் சரி. ஆனால் டாங்கிள் ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் இணையும். கூட்டுத்தொகை எந்தக் காலத்திலும் எந்த வீட்டிலும் கிடைக்காது. கிடைக்கும் அந்த ஒற்றை எண்ணும் ஏட்டுச் சுரைக்காய்: பாக்கெட்டுகளுக்கு ஒப்புகை அனுப்புவதிலும், அடுத்தவர் பேசி முடிக்கக் காத்திருப்பதிலும் பாதி போய்விடும். 150 என்று விற்கும் நகத்தளவு டாங்கிள், நெரிசலான குடியிருப்பில் அகலம் குறைந்த சேனலுக்கு இறங்கி 72இல் இணைந்து, கைக்கு 35, 40 தரும். வீட்டில் போட்டிருப்பது 40 மெகாபிட் பிளான் என்றால் அதுவே போதும்; 100 என்றால் போதாது. ஆயிரத்து சொச்சம் எண் போட்ட டாங்கிளை யுஎஸ்பி 2.0 முனையில் குத்துபவர்களும் இருக்கிறார்கள். அந்த முனையின் உச்சவரம்பே ஏட்டளவில் 480தான்.

பாடபேதம்

சுவடிப் பதிப்பாளர்கள் ஒரே நூலின் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பதுபோல, டாங்கிள் ஆய்வாளரும் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வி1, வி2, வி3 என்பனவற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பெயர் ஒன்று, படம் ஒன்று, விலையும் ஒன்று. உள்ளே இருக்கும் சிப் வேறு. இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என். முதல் பதிப்பில் ஏதெரோஸ் சிப், இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். விண்டோஸ்காரர்களுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. லினக்ஸ்காரர்களோ மூலபாடமான வி1ஐப் பழைய பொருள் கடைகளில் தேடி அலைந்தார்கள். அதன் டிரைவர் லினக்ஸ் கருவுக்குள்ளேயே இருந்தது. மற்றதற்கு வெளியிலிருந்து கொண்டுவந்து தொகுக்க வேண்டியிருந்தது. லினக்ஸ் வைத்திருப்பவர் மாடல் பெயரை நம்பாமல் சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குவது நலம். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

பூட்டுவிதி

டாங்கிளைப் பூட்டுவதில் தலைமாணாக்கரையும் தடுமாற வைக்கும் தருக்கச் சிக்கல் ஒன்று உண்டு. டாங்கிள் வேலை செய்ய டிரைவர் வேண்டும். டிரைவர் இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக டாங்கிள் வேலை செய்ய வேண்டும். உற்பத்தியாளர் இதை அறியாதவர் அல்லர். அதற்காகவே எட்டு சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு குட்டி சிடியைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அதைப் போடும் சிடி டிரைவ் கணினியில் இல்லை. அது போய்ப் பல ஆண்டுகள் ஆயின. விண்டோஸ் 11இன் ஹோம் பதிப்பைப் புதிதாக ஏற்றுபவருக்கு இச்சிக்கல் இன்னும் கூர்மையானது: இணையத்தில் இணைந்தால்தான் மேற்கொண்டு நகர்வேன் என்று நடுவாசலில் உட்கார்ந்துவிடும்.

இதை உடைக்கும் வழி ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இருக்கிறது. சார்ஜ் போடும் அதே கேபிளால் போனைக் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங் என்பதைத் தட்டினால், போனையே ஒரு நெட்வொர்க் கார்டாக விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். இதற்கு வேண்டிய டிரைவர் அதனிடம் ஏற்கெனவே உண்டு. போன் வழியாக இணையத்துக்குப் போய் டாங்கிளின் டிரைவரை இறக்கியபின் போனை விடுவித்துவிடலாம். புதுவகை டாங்கிள்கள் சில, குத்தியதும் தம்மை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொண்டு, தம் வயிற்றிலிருந்தே டிரைவரை எடுத்துத் தரும். நல்ல யோசனை. ஆனால் டிரைவரோடு சேர்த்து ஒரு கண்காணிப்புச் செயலி, திரை மூலையில் ஒரு பச்சைச் சின்னம், தானே தொடங்கும் இன்னொரு ஏதோ என்று சிலவும் உள்ளே நுழையும். இவை இடைச்செருகல்கள். மூலத்துக்குச் சேதமில்லாமல் நீக்கலாம்.

எல்லாம் முடிந்தும் பத்து நிமிடத்துக்கொரு முறை அறுபட்டால், டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் பெயரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் என்ற தாளைப் பார்க்க வேண்டும். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளக் கணினிக்கு அனுமதி உண்டு என்னும் பொருளில் ஒரு கட்டத்தில் டிக் இருக்கும். ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கும் குடும்பத் தலைவரின் பண்பு இது. டிக்கை எடுத்துவிடலாம், மாதக் கரண்ட் பில்லில் தெரியாது.

அகப்புறக் கார்டு பூட்டும் முறை தனி. ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிய பிறகு கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் முதலில் தெரிவது தூசி. வாங்கிய நாள்தொட்டுச் சேர்ந்த குடும்ப வரலாறு அதில் படிந்திருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் தகர உடம்பை ஒருமுறை தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைக் கழித்துவிட்டு, மதர்போர்டில் குட்டிப் பிசிஐ எக்ஸ்பிரஸ் பொந்தைத் தேட வேண்டும். அதற்கு நேர் பின்புறம் உள்ள தகர மூடியைச் சில மலிவான கேபினெட்டுகளில் திருகு போட்டு வைப்பதில்லை. முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்தெடுக்க வேண்டும், விளிம்பு கையைக் கிழிக்கும். கார்டு 'டக்'கென்று உட்கார வேண்டும். அதன்பின் திருகு. திருகு தவறிப் போர்டுக்கு அடியில் உருளாமலிருக்க, காந்தமுனை ஸ்க்ரூடிரைவர் உதவும்.

இனிமேல்தான் பெரும்பாலோர் தவறவிடும் இடம். கார்டுப் பெட்டியில் மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று தனியாகக் கிடக்கும். ஏதோ உபரி என்று அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். வைஃபை நன்றாக எடுக்கும். ப்ளூடூத் மட்டும் இல்லவே இல்லை என்று கணினி சாதிக்கும். கார்டில் வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும் ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகவும் பேசுகின்றன. அந்தக் கறுப்பு ஒயரின் ஒரு முனையைக் கார்டிலும் மறு முனையை மதர்போர்டின் ஒன்பது ஊசி யுஎஸ்பி ஹெட்டரிலும் குத்தினால்தான் இரண்டாவது நாக்கு முளைக்கும்.

ஆன்டெனா திருப்பும் விதி குறித்து உரையாசிரியர்களிடையே பெரும் பூசல் உண்டு. ஆன்டெனாவின் நுனியை ரூட்டரை நோக்கி ஈட்டிபோல் நீட்ட வேண்டும் என்பது பெருவழக்கு. பெருவழக்காயினும் பிழை. குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை உளுந்து வடையின் வடிவில் பரவுகிறது. குச்சி, வடையின் ஓட்டைக்குள் செங்குத்தாக நிற்கிறது. நுனிக்கு நேரே இருப்பது ஓட்டை. ரூட்டரை நோக்கி நீட்டினால் ரூட்டருக்குக் கிடைப்பது அந்த ஓட்டைதான். நிமிர்த்தி வைத்தால் வடையின் சதைப்பகுதி கூடம்வரை போகும். அதிக டிபிஐ (ஆன்டெனா அலையைக் குவிக்கும் அளவு) உள்ள ஆன்டெனா என்று கூடுதல் காசு வாங்குவார்கள். அது புதிதாக மாவு எதையும் சேர்ப்பதில்லை. இருக்கும் வடையைத் தட்டி அடையாக்குகிறது. பக்கவாட்டில் தூரம் போகும், மேலும் கீழும் மெலியும். ரூட்டர் மாடியில், கணினி கீழ்த்தளத்தில் என்றால் இந்த அடை பயன்படாது. ஒரு குச்சியை நிமிர்த்தியும் இன்னொன்றைப் படுக்கவைத்தும் பார்க்கலாம்.

கருதுகோள் சோதனை

கருதுகோளின்படி, ஒயர்மீதான தடையை நீக்கினால் டாங்கிளுக்கு அவசியமே இருக்காது. 15 மீட்டர் கேட்5இ கேபிள் விநாடிக்கு ஒரு ஜிகாபிட்டைச் சுணங்காமல் கொண்டுபோகும். நூறு மீட்டர்வரை போகும். பீரோ, தண்ணீர் கேன், எதிர் ஃபிளாட்டுப் பாப்கார்ன் எதுவும் அதற்குப் பொருட்டல்ல. டிரைவரும் பெரும்பாலும் விண்டோஸிலேயே இருக்கும். விலை ஒரு நல்ல டாங்கிளைவிடக் குறைவு. தட்டையான வகை கதவுக்கு அடியில் நுழையும். சுவரோரம் கிளிப் அடித்துக்கொண்டே போனால் கண்ணில் படாது.

இந்தச் சான்றுகளை முறைப்படி வீட்டார் முன் வைத்துக் கருத்துக் கேட்கப்பட்டது. மாப் போடும்போது இடறும், எலி கடிக்கும், வெள்ளையடித்த சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார், வருகிறவர் போகிறவர் என்ன நினைப்பார்கள் என்று நான்கு மறுப்புகள் எழுந்தன. முதல் மூன்றுக்கும் விடை உண்டு. நான்காவதற்கு ஐஇஇஇ அமைப்பிடமும் தரம் எதுவும் இல்லை. கருதுகோள் நிறுவப்பட்டதாகக் கொள்க.

மேலாய்வுக்குரிய களங்கள் பல. பக்கத்து வீட்டார் தம் வைஃபைக்குச் சூட்டும் பெயர்களில் இடம்பெறும் மறைமுக வசை; பாஸ்வேர்டு மாற்றியபின் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே கறிவேப்பிலைப் பரிமாற்றம் குறைகிறதா என்பது; ஸ்பீடு டெஸ்ட் எண்ணைப் பெரியவர்கள் ஏன் சான்றாக ஏற்பதில்லை, சீரியல் சுற்றாமல் ஓடினால் மட்டுமே ஏன் ஏற்கிறார்கள் என்பது ஆகியன இளம் ஆய்வாளர்களுக்காக விடப்படுகின்றன. பீரோவை இரண்டடி நகர்த்திச் சிக்னலை அளந்து பார்க்கும் நேரடிச் சோதனை ஒன்றும் திட்டமிடப்பட்டுள்ளது. அதற்கு முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துக் கட்டில்மேல் வைக்க வேண்டியிருப்பதால், ஆடி கழியட்டும் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.